ஒப்பீட்டுத் தளத்தை நம்பலாமா?

கேள்வி: இரண்டு குளிர்சாதனப் பெட்டிகளை ஒப்பிடும் இணையதளம் ஒன்றின் இணைப்பு வழியாக வாங்கினால், அத்தளத்துக்குக் கமிஷன் போகுமாம். அந்த ஒப்பீட்டை நம்பலாமா?

பதில்: கமிஷன் வாங்குவது தவறன்று, அதை மறைப்பதே தவறு. தவறான விளம்பரங்களைத் தடுப்பதற்காக 2022-இல் மத்திய அரசு தரப்பில் வெளியான வழிகாட்டுதல்கள், பரிந்துரையின் நம்பகத்தன்மையைப் பாதிக்கக்கூடிய வணிகத் தொடர்பை முழுமையாகத் தெரிவிக்கச் சொல்கின்றன. அந்த அறிவிப்பு பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். இரண்டையும் புகழ்ந்துவிட்டு, எது யாருக்குப் பொருந்தாது என்று ஓரிடத்திலும் சொல்லாத ஒப்பீட்டை ஒதுக்கிவிடுங்கள். நட்சத்திரங்களை மட்டும் எண்ணாமல், மின்சிக்கன லேபிளில் அச்சிட்டிருக்கும் ஆண்டு யூனிட் அளவையும் லேபிள் செல்லுபடியாகும் காலத்தையும் அவசியம் படியுங்கள். தரநிலை அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால், பழைய லேபிளின் 5 நட்சத்திரமும் புதியதன் 5 நட்சத்திரமும் ஒன்றல்ல.