நின்றுபோன இடத்திலேயே சோதியுங்கள்: பழைய கார் கேள்வி-பதில்

புது பேட்டரி போட்டும், காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற சத்தத்தோடு சரி. சில நாள் உடனே ஸ்டார்ட் ஆகிறது. ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

கொஞ்சம் பொறுங்கள். முதலில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள். மோட்டாரை விட மலிவு. இரவு முழுக்க நின்ற காரில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். அடுத்து மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் துருவத்திலும் மறுமுனையை எஞ்சினின் வெற்று உலோகத்திலும் வைத்து, வேறொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி எர்த் இணைப்பு, அதாவது பேட்டரியின் நெகட்டிவ் துருவத்துக்கு மின்சாரம் திரும்பி வரும் பாதை. முனை டெர்மினல் கிளாம்ப்பில் அல்ல, ஈயத் துருவத்திலேயே பட வேண்டும். பாதிக் கோளாறு அந்த இரண்டுக்கும் நடுவில் பூத்திருக்கும் உப்பில்தான் ஒளிந்திருக்கும்.

என் பழைய கார் ஒன்றில் ஆக்சிலரேட்டர் கேபிளைத் தொட்டபோது கை சுட்டது, பிளாஸ்டிக் உறை இளகியிருந்தது. எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை அறுந்து, ஸ்டார்ட்டருக்கான மின்சாரம் அந்த மெல்லிய கேபிள் வழியே திரும்பிக்கொண்டிருந்தது! அதற்குள் நான் ஒரு ஸ்டார்ட்டரை மாற்றியிருந்தேன் என்பதை இங்கே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்வரை எஞ்சின் ஓடுகிறது. விட்டதும் அணைந்துவிடுகிறது. பொறிக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயின்ட் வைத்த பழைய கார்.

காயிலுக்கு (பொறிக்கான உயர் வோல்ட்டை உண்டாக்குவது) போகும் மின்சாரத்தைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டரைப் பாருங்கள். ஸ்டார்ட் செய்யும் நொடியில் காயிலுக்கு பேட்டரியின் முழு வோல்ட்டும் நேராகப் போகும். சாவியை விட்டபின் இந்த ரெசிஸ்டர் வழியே போகும். அது எரிந்திருந்தால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும். அது நன்றாக இருந்தால் சாவி சுவிட்சின் தேய்மானம்.

அரை மணி நேரம் ஓடியதும் நடுரோட்டில் நின்றுவிடுகிறது. இருபது நிமிடம் ஆறினால் ஒன்றுமே நடக்காதது போல் ஓடுகிறது. பெட்ரோல் பம்ப், பில்டர், பிளக் எல்லாம் மாற்றியாயிற்று. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் ஒழுங்காக ஓடுகிறது.

ஓடிக்கொண்டிருக்கும் காரில் மெக்கானிக் எதைத்தான் பார்ப்பார்? நின்ற இடத்தில், ஆறுவதற்குள் பார்க்க வேண்டிய கோளாறு இது.

எப்படி நின்றது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. விளக்கை அணைத்ததுபோல் சட்டென்று நின்றால் பெரும்பாலும் மின்சாரம். திக்கித் திணறி இழுத்து நின்றால் பெட்ரோல்.

காரில் ஒரு பழைய பிளக் வைத்திருங்கள். நின்றதும் பிளக் ஒயர் ஒன்றைக் கழற்றி அதில் மாட்டி, பிளக்கின் உலோக உடம்பு எஞ்சினில் படும்படி வைத்துவிட்டு, ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்லுங்கள். கையால் பிடிக்காதீர்கள், பெட்ரோல் வாடை இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம். பொறி வரவில்லையா? சூட்டில் உள்ளே அறுந்து, ஆறியதும் ஒட்டிக்கொள்ளும் இக்னிஷன் காயில், பாயின்ட்டோடு சேர்ந்த கண்டென்சர், இன்ஜெக்‌ஷன் கார்களில் எஞ்சின் சுழல்வதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் என்று சந்தேகப்படலாம். நீலப் பொறி சொடுக்கினால் பெட்ரோல் பக்கம் திரும்புங்கள். டேங்க் மூடியைத் திறக்கும்போது ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கிறதா? இழுத்து, உடனே வண்டியும் கிளம்பினால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பாவம், அந்தப் பம்பை வீணாக மாற்றிவிட்டீர்கள்.

இன்ஜெக்‌ஷன் கார். காலையில் முதல் இரண்டு முறை வெறுமனே சுழல்கிறது, மூன்றாவதில்தான் பிடிக்கிறது.

ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ‘ஆன்’ நிலைக்கு மட்டும் கொண்டுபோங்கள். பம்ப் சில நொடி ரீங்கரித்து ஓயும். அணைத்து, இதை மூன்று முறை செய்தபின் ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால், பெட்ரோல் அழுத்தம் இரவில் கசிந்து இறங்குகிறது என்று பொருள். பம்பில் உள்ள ஒருவழி வால்வு, அழுத்தத்தைச் சீராக வைக்கும் பிரஷர் ரெகுலேட்டர், சொட்டும் இன்ஜெக்டர் ஆகிய மூன்றில் ஒன்று.

மழை நாளில் மட்டும் தகராறு.

பொறிக்கான மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் விரிசல், அல்லது வெடித்துப்போன பிளக் ஒயர். இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு பானெட்டைத் திறந்து, சற்று விலகி நின்று பாருங்கள். நீல நூல் போலப் பொறி ஊர்வது கண்ணுக்கே தெரியும்.