சவூதி விலையும் 'இந்தியன் பெற்றோலும்'

ஒட்டுசுட்டானிலிருந்து ஒருவர் கேட்கிறார்: "சவூதியில் வேலை செய்யும் என் பெறாமகன் நாடுநாடாகப் பெற்றோல் விலை போட்ட பட்டியல் ஒன்றைப் போனில் அனுப்பினான். இந்தியாவில் லீற்றர் 100, இங்கே 300 என்று இருக்கிறது. எங்கள் ஊரில் ஒருவர் கடலால் வருகிற 'இந்தியன் பெற்றோல்' லீற்றர் 260 ரூபாவுக்குத் தருவதாகச் சொல்லிப் பரலுக்கு முற்பணம் சேர்க்கிறார். ஒரு கான் வாங்கி மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றினேன். புகைக்கிறது, இழுவையும் இல்லை. பரலுக்குக் காசு கட்டலாமா?"

கட்ட வேண்டாம். அந்த 100 இந்திய ரூபா, ஐயா. 2025 இல் சென்னையில் ஒரு லீற்றர் ஏறக்குறைய 100 இந்திய ரூபா. எங்கள் இலங்கைக் காசில் அது மூன்றரை மடங்கு, அதாவது 350 ரூபா. எங்கள் பெற்றோல் செட்டில் 2025 இல் ஒக்ரேன் 92 இன் விலை 300 ரூபாவை ஒட்டித்தான் நின்றது. அங்கே 350 கொடுத்து வாங்கி, படகில் ஏற்றி, கடற்படைக்கு ஒளித்துக் கொண்டுவந்து உங்களுக்கு 260 க்குத் தருகிறார் என்றால் அவர் அன்னதானம்தான் செய்கிறார்.

அப்படியென்றால் கானுக்குள் என்ன இருக்கிறது? அதே வருடம் மண்ணெண்ணெய் லீற்றர் 180 ரூபா அளவில் இருந்தது. பாதிக்குப் பாதி கலந்தால் அடக்கவிலை 240. மிச்சக் கணக்கை நீங்களே போடுங்கள். வெள்ளைக் கடதாசியில் ஒரு துளி விட்டுப் பாருங்கள், அடுப்படிக்குத் தூரமாக. நல்ல பெற்றோல் என்றால் பறந்துவிடும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்க் கறை நிற்கும். இப்படிப்பட்ட ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பில் தரமாட்டார்கள், செட்டுக்கு வரச் சொன்னால் வரமாட்டார்கள், ஆனால் பட்டியல் மட்டும் போனில் தயாராக வைத்திருப்பார்கள்.

இதற்கு ஒரு பதில் வரும் என்று எனக்குத் தெரியும்: "போர்க்காலப் பொருளாதாரத் தடை நேரத்தில் வன்னி முழுக்க மண்ணெண்ணெயில்தானே ஓடினது!" உண்மைதான், ஓடினது. எம்டி 90 மோட்டார் சைக்கிளை நானும் அப்படி ஓட்டியிருக்கிறேன். சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த பெற்றோலில் நாலு துளியைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்து ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதனால்தான் அந்த நாலு துளி. அந்த எஞ்சின்கள் பழையவை, அமுக்கம் குறைந்தவை. அதிலும் பிளக் கறுக்கும், எஞ்சின் ஒயில் தண்ணீராகும், கிழமைக்கொருக்கா கழற்றித் துடைக்க வேண்டும். வேறு வழி இல்லாததால் செய்தோம். உங்களிடம் இருப்பது காபரேற்றருக்குப் பதிலாக இன்ஜெக்ரர் பெற்றோலைப் பீச்சுகிற புது மோட்டார் சைக்கிள் என்றால் அது அந்த வேலைக்குச் செய்ததில்லை. லீற்றருக்கு 40 ரூபா மிச்சம் பிடிக்கப் போய் இன்ஜெக்ரருக்கு ஆயிரக்கணக்கில் கட்டுவீர்கள்.

சரி, பெறாமகனின் பட்டியலுக்கு வருவோம். சவூதியில் 2025 இல் 91 ஒக்ரேன் லீற்றர் 2.18 றியால். 2021 ஜூலையில் அரசு அந்த இடத்தில் பிடித்து நிறுத்தியது. எங்கள் காசில் 175 ரூபா வரும். எண்ணெய் அவர்களுடையது, விலையை அரசு தாங்குகிறது. பிரித்தானியாவில் 2025 இல் லீற்றர் 135 பென்ஸ் அளவு, 540 ரூபா. அதில் 52.95 பென்ஸ் எரிபொருள் தீர்வை மட்டும், அதற்கு மேல் 20 வீதம் வற், அதாவது பெறுமதி சேர் வரி. உலகச் சந்தையில் எண்ணெய் விலை எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அரசு வரி எடுக்கிறதா, மானியம் போடுகிறதா என்பதில்தான் வித்தியாசம். அமெரிக்க விலையைப் பார்த்தால் கவனம், அது கலன் கணக்கு. அவர்களுடைய கலன் 3.785 லீற்றர், எங்கள் ஆட்களுக்குப் பழக்கமான பழைய கலன் 4.546. மாற்றிப் பிரித்தால் விலை குறைவாகத் தெரியும்.

இன்னொன்றும் பாருங்கள். 2025 ஏப்ரலில் பிரித்தானியாவில் ஆகக் குறைந்த சம்பளம் மணிக்கு 12.21 பவுண்ஸ் ஆனது, அதாவது ஒரு மணித்தியால வேலைக்கு 9 லீற்றர். இங்கே 2025 இல் சட்டப்படி ஆகக் குறைந்த நாட்சம்பளம் 1,080 ரூபாவாக இருந்தது. முழுநாள் வேலைக்கு 4 லீற்றரும் வரவில்லை. பட்டியலில் இந்த நிரல் இருக்காது.

எங்கள் விலைப்பலகையிலும் பாதிக் கதை இருக்காது. 2024 ஜனவரி 1 இல் பெற்றோலுக்கு 18 வீத வற் வந்தது. ஒரே இரவில் 346 ரூபா 366 ஆனது. இறக்குமதி விலை இவ்வளவு, வரி இவ்வளவு என்று செட்டுப் பலகையில் இரண்டு வரி எழுத எவ்வளவு பெயின்ற் தேவை? மாதமுடிவில் விலை குறையும் என்று கதை வந்தால் போதும், சில செட்டுகளில் 'இருப்பு இல்லை' பலகை தானாக முளைக்கும். கான்காரருக்கு அந்த இரண்டு நாள்தான் திருவிழா. ஆகவே மாதத்தின் கடைசிக் கிழமைக்கு முன்பே தாங்கியை நிரப்பி வையுங்கள். வீட்டுக்குள் போத்தலில் சேமிக்க வேண்டாம்.

இப்போது தாங்கியில் இருப்பதை முழுக்க வடித்து, செட்டில் பில்லோடு நிரப்பி, பிளக்கைத் துடைத்து, எஞ்சின் ஒயிலையும் மாற்றுங்கள். வடித்ததைக் கிணற்றடியில் ஊற்றிவிடாதீர்கள். குப்பி விளக்குக்கும் ஊற்றக்கூடாது, அதில் பெற்றோல் இருக்கிறது, வெடிக்கும். மூடிய கானில் அப்படியே கொண்டுபோய், முற்பணம் கேட்டவரின் படலையில் வைத்துவிட்டுக் கான் காசைக் கேளுங்கள்.