கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கப் போகிறீர்களா? கேள்வி பதில்

பாய்லர், ஹீட்டர் சர்வீஸ் என் தொழில். எரிபொருள் அரைகுறையாக எரியும்போது வரும் நச்சு வாயுதான் கார்பன் மோனாக்சைடு. அதைக் கண்டுபிடிக்கும் அலாரம் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், பெட்டிக்குப் பெட்டி ஒவ்வொன்று எழுதியிருக்கிறான். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: பெட்டியை விடுங்கள். கருவியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். வீட்டு அலாரத்தில் அமெரிக்கத் தரமான யூஎல் 2034 அல்லது ஐரோப்பியத் தரமான ஈஎன் 50291-1 அச்சாகியிருக்க வேண்டும். ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்று தயாரிப்பாளரே போடும் சிஇ முத்திரை மட்டும் இருந்தால் ஏமாறாதீர்கள்.

அந்த எண் சொல்வது இதுதான்: எத்தனை பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு) வாயு எவ்வளவு நேரம் இருந்தால் கருவி கத்தியாக வேண்டும். ஐரோப்பியத் தரத்தில் 50 பிபிஎம் என்றால் 60 முதல் 90 நிமிடம், 100 என்றால் 10 முதல் 40, 300 என்றால் 3 நிமிடத்துக்குள். அமெரிக்கத் தரத்தில் 70-க்கு 1 முதல் 4 மணி நேரம், 150-க்கு 10 முதல் 50 நிமிடம், 400-க்கு 4 முதல் 15 நிமிடம். ரத்தத்தில் நஞ்சு ஏறும் வேகத்தை வைத்துப் போட்ட கணக்கு.

ஒரு வீட்டில் பாய்லரின் புகைக்குழாய் இணைப்பு விலகியிருந்தது. என் கையிலிருந்த அளவுமானி 90 காட்டியது. சுவரில் அவர்கள் மாட்டியிருந்த கருவியின் பளபளப்பான நீலத் திரை 000-ஐ விட்டு அசையவில்லை. கழற்றிப் பார்த்தால் பின்பக்கம் மொட்டை: தர எண்ணும் இல்லை, தேதியும் இல்லை.

கேள்வி: புகை அலாரம் ஏற்கெனவே இருக்கிறது. அது போதாதா?

பதில்: போதாது. அதற்கு இந்த வாயு தெரியாது. இரண்டும் சேர்ந்த கருவி என்றால் புகைக்கான யூஎல் 217, இந்த வாயுவுக்கான யூஎல் 2034 என இரண்டு எண்ணும் பின்பக்கத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: சமையல் கேஸ் கசிவு அலாரமும் இதுவும் ஒன்றுதானே அண்ணே?

பதில்: இல்லை. அது எரியாமல் கசியும் கேஸைப் பிடிக்கும். இது, கேஸோ கரியோ விறகோ பெட்ரோலோ அரைகுறையாக எரியும்போது வரும் வாயுவைப் பிடிக்கும்.

கேள்வி: தரையோரம் மாட்டுவதா, கூரையிலா?

பதில்: சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், கீழே தங்கும். கார்பன் மோனாக்சைடு காற்றைவிடத் துளி லேசு, அறை முழுக்கக் கலந்துவிடும். அதனால் உயரத்தைக் கையேடு சொல்கிறபடி வையுங்கள். இடம்தான் முக்கியம். படுக்கை அறைகளுக்கு வெளியே ஒன்று, ஒவ்வொரு தளத்துக்கும் ஒன்று என்பது அமெரிக்கத் தீ பாதுகாப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 72 விதி. உங்கள் ஊர் விதியைத் தீயணைப்பு நிலையத்தில் கேளுங்கள். திரைச்சீலைக்குப் பின்னால், குளியலறையில், அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம்.

கேள்வி: என் அலாரம் திரையில் இரவு முழுக்க 30 காட்டியது, சத்தமே இல்லை. பழுதா?

பதில்: கருவி பழுதில்லை. உங்கள் வீட்டில் எதுவோ பழுது, உடனே ஆளைக் கூப்பிடுங்கள். அமெரிக்கத் தரப்படி 30 பிபிஎம்-க்கு 30 நாள் வரை அது கத்தவே கூடாது.

குறுக்கே ஒருவர்: இது அநியாயம் சார். உலக சுகாதார நிறுவனம் 24 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றுக்கு 4 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. அது 4 பிபிஎம் கூட இல்லையே!

பதில்: கணக்கு சரி. ஆனால் 1994-இல் சிகாகோ நகரம் இந்த அலாரத்தைக் கட்டாயமாக்கியது. அந்த டிசம்பரில் காற்று மேலே போகாமல் நகரத்தின் மீது தேங்கியபோது வாகனப் புகைக்கெல்லாம் அலாரங்கள் கத்தின, தீயணைப்புப் படை திணறியது. அதன் பிறகுதான் தரத்தைத் தளர்த்தினார்கள்.

இன்னொருவர்: அப்படியானால் இது தீயணைப்புப் படையின் வசதிக்கான தரம், நமக்கானது இல்லை.

பதில்: பாதி உண்மை. தினமும் வீணாகக் கத்தும் அலாரத்தின் பேட்டரியை மூன்றாம் நாள் பிடுங்கி எறிகிறவர்களும் நாம்தான். கர்ப்பிணி, கைக்குழந்தை, இதய நோயாளி இருக்கும் வீட்டுக்குக் குறைந்த அளவையும் சொல்லும் மானிட்டர் நல்லது. ஆனால் அதைத் தர எண் உள்ள அலாரத்தோடு சேர்த்து வையுங்கள், அதற்குப் பதிலாக அல்ல. இந்த வாதத்தை இங்கே நிறுத்துவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: புகை அலாரம் இருந்தால் இது தேவையா?

பதில்: மேலே ஏற்கெனவே சொல்லிவிட்டேன், பாருங்கள்.

கேள்வி: டெஸ்ட் பட்டன் அமுக்கினால் சத்தம் வருகிறது. பத்து வருடக் கருவி, ஓடும்தானே?

பதில்: பட்டன் சோதிப்பது பேட்டரியையும் ஒலிப்பானையும்தான். சென்சார் செத்திருந்தாலும் சத்தம் வரும். ஆயுள் மாடலைப் பொறுத்து 5 முதல் 10 வருடம். தேதி எங்கே இருக்கும்? பின்பக்கத்தில்!

கேள்வி: எந்த உயரத்தில் மாட்ட?

பதில்: ஐயா, இதுவும் மேலே இருக்கிறது.

கேள்வி: காலையில் வீட்டில் எல்லோருக்கும் தலைவலி, வெளியே போனால் சரியாகிறது. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 98 காட்டுகிறது. அலாரம் வாங்கலாமா?

பதில்: அலாரம் அப்புறம். இப்போதே எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய் அவசர எண்ணை அழையுங்கள். அந்த 98-ஐ நம்பாதீர்கள். ஹீமோகுளோபினில் ஆக்ஸிஜன் ஏறியிருக்கிறதா, இந்த வாயு ஏறியிருக்கிறதா என்று அந்தக் கருவிக்குப் பிரிக்கத் தெரியாது. ஆஸ்பத்திரியில் இந்த வாயு ஏறிய ஹீமோகுளோபினை அளக்கும் கார்பாக்ஸிஹீமோகுளோபின் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். வீட்டு அடுப்பு, ஹீட்டர் எதையும் ஆள் வந்து பார்க்கும்வரை பற்றவைக்க வேண்டாம்.

கேள்வி: பிளக்கில் சொருகுவதா, பேட்டரியா?

பதில்: பிளக் என்றால் பேட்டரி துணையோடு வாங்குங்கள். கரண்ட் போனால்தானே ஜெனரேட்டரை எடுப்பீர்கள். அதையும் வீட்டுக்கு வெளியே, ஜன்னல் கதவிலிருந்து 6 மீட்டராவது தள்ளி வையுங்கள்.