மாவில்லாத சாக்லேட் கேக்கும் புளிப்புப் பழ சாஸும்: கேள்வி பதில்

பலர் அளவு கேட்டிருந்ததால் முதலில் அது. டார்க் சாக்லேட் 200 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 150 கிராம், முட்டை 4, சர்க்கரை 120 கிராம், கோகோ பவுடர் ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. சாக்லேட்டையும் வெண்ணெயையும் உருக்கி ஆறவிடுங்கள். முட்டையையும் சர்க்கரையையும் வெளுத்துப் பொங்கும்வரை அடித்து, நுரை அடங்காமல் மெதுவாக அதில் கலக்குங்கள். கோகோவையும் உப்பையும் சலித்துச் சேர்த்து, பட்டர் பேப்பர் போட்ட 8 அங்குல டின்னில் ஊற்றி, ஓவனில் 170 டிகிரி செல்சியஸில் 25 முதல் 30 நிமிடம்.

கேள்வி: அக்கா, காம்பவுண்ட் சாக்லேட் பாதி விலைக்குக் கிடைக்கிறதே, அது போதாதா?

இந்த கேக்குக்குப் போதாது. கோகோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரியில் உருகும், அதாவது நம் உடம்புச் சூட்டுக்குச் சற்றுக் கீழே. அதனால்தான் நல்ல சாக்லேட் நாக்கில் வைத்ததும் கரைகிறது. காம்பவுண்டில் அதற்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொள்ளும். மாவு இருந்தால் ஓரளவு மறையும், இங்கே மாவே இல்லை. பாக்கெட்டின் பின்புறம் கோகோ பட்டர் என்று இருக்கிறதா பாருங்கள். 55 சதவீதத்துக்கு மேல் கோகோ உள்ளதாக வாங்குங்கள். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ விளைகிறது. அந்தக் காயில் செய்த சாக்லேட் கிடைத்தால் ஒருமுறை இதில் போட்டுப் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்தது.

கேள்வி: உருக்கும்போது திடீரென்று மண் மாதிரி கட்டிக்கொண்டது. கீழே கொட்டிவிட்டேன்.

அடடா, கொட்டியிருக்க வேண்டாம். நாலு சொட்டுத் தண்ணீர் பட்டாலே சர்க்கரையும் கோகோத் துகளும் ஈரமாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கொதிக்கும் தண்ணீரின் ஆவி போதும், ஈரக் கரண்டி போதும். அப்படி ஆனால் சூடான பாலை ஒவ்வொரு கரண்டியாக விட்டுக் கலக்குங்கள், திரும்ப இளகிவிடும். கேக்குக்கு ஆகாது, மேலே ஊற்றும் சாஸாக வைத்துக்கொள்ளலாம். அடுத்த முறை பாத்திரத்தைத் துணியால் துடைத்துவிட்டு, கொதித்த தண்ணீர்ப் பானையின் மேல் அடியில் தண்ணீர் தொடாதபடி வைத்து, அடுப்பை அணைத்தபின் அந்தச் சூட்டிலேயே உருக்குங்கள்.

கேள்வி: வீட்டில் ஓவன் இல்லை.

இட்லிப் பானை போதும். டின்னை அலுமினியத் தாளால் இறுக்க மூடி, 40 நிமிடம் மிதமான ஆவியில் வையுங்கள். மூடியிலிருந்து தண்ணீர் சொட்டாமல் இருப்பதுதான் முக்கியம். மேலே மொறுமொறுப்பான தோல் வராது, உள்ளே புட்டிங் போல் இருக்கும்.

கேள்வி: எந்தப் பழத்தில் சாஸ் செய்வது? மாம்பழம் போட்டேன், திகட்டியது.

திகட்டத்தான் செய்யும். இவ்வளவு வெண்ணெயும் சர்க்கரையும் உள்ள கேக்குக்குப் பக்கத்தில் இன்னொரு இனிப்பு எதற்கு? சாஸின் வேலையே நாக்கைக் கழுவி அடுத்த வாய்க்குத் தயார் செய்வதுதான். வியன்னாவின் சாகர் கேக்கில் ஆப்ரிகாட் ஜாம் தடவுவதும், ஜெர்மானியர்களின் பிளாக் ஃபாரஸ்ட்டில் புளிப்புச் செர்ரி வைப்பதும் அதற்காகத்தான்.

குளிர்காலத்தில் ஸ்ட்ராபெரி: பழம் 250 கிராம், சர்க்கரை 50 கிராம், எலுமிச்சைச் சாறு இரண்டு தேக்கரண்டி, ஏழெட்டு நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். கொடைக்கானல் போனால் பேஷன் ஃப்ரூட் வாங்கி வாருங்கள், இதைவிடப் பொருத்தமான பழம் நான் பார்க்கவில்லை. மிக்ஸியில் ஓடவிட்டு விதையை உடைத்துவிடாதீர்கள், கரண்டியால் வடிகட்டியில் தேய்த்தால் போதும். ஆடி மாதத்தில் நாவல்பழம். அதன் துவர்ப்பு டார்க் சாக்லேட்டின் கசப்போடு அப்படிச் சேரும்! கொட்டை நீக்கி, சிறிது தண்ணீர் விட்டு வேகவைத்து, இதே சர்க்கரை அளவில் காய்ச்சுங்கள்.

கேள்வி: வேகவைக்காத அன்னாசியை கிரீமில் கலந்து வைத்தேன், கசந்துவிட்டது. கிரீம் கெட்டதா?

கிரீம் மேல் தப்பில்லை. அன்னாசியில் உள்ள புரோமெலைன் என்ற நொதி பால் புரதத்தைச் சிதைத்ததால் வந்த கசப்பு அது. கொதிக்க வைத்துச் சேர்த்தால் வராது.

கேள்வி: முட்டை சேர்க்காமல் முடியுமா?

இதே கேக் வராது. பதிலாக 200 மில்லி கிரீமைச் சூடாக்கி 200 கிராம் சாக்லேட் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் கழித்துக் கலக்கி, சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களில் குளிரவையுங்கள். மேலே ஒரு கரண்டி புளிப்பு சாஸ். பாக்கெட்டில் வரும் 25 சதவீதக் கொழுப்புள்ள கிரீமே போதும், அடிக்க வேண்டியதில்லை.

கேள்வி: வெளியே எடுத்ததும் நடுவில் அமுங்கிவிட்டது. வேகவில்லையா?

பொங்கிய முட்டை நுரை ஆறும்போது அமுங்கும், தாங்கிப் பிடிக்க மாவு இல்லை. ஓரம் கெட்டியாகி, டின்னை அசைத்தால் நடுப்பகுதி லேசாகத் தளும்பும்போது எடுப்பதுதான் சரி. அந்தக் குழியில்தான் சாஸ் நிற்கும்.

கேள்வி: விருந்துக்கு முதல்நாளே செய்யலாமா?

தாராளமாக, மறுநாள்தான் ருசி கூடும். பரிமாறுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துவிடுங்கள், குளிரில் கோகோ வெண்ணெய் இறுகி மணமே தெரியாது. கத்தியை வெந்நீரில் முக்கி, துடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் மறுபடி முக்கி வெட்டுங்கள். சாஸைத் தட்டில் வைத்தபிறகே ஊற்றுங்கள்.