வலப்பக்கத்துக் கொடி

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்குச் சொந்த ஊர் கீழக்கரை. ஆறு வருடமாகச் சிங்கப்பூரில் வேலை. எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருக்கிறேன். நிரந்தரவாசத்துக்கு எழுதிப் போடலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. மகன் தொடக்கநிலை 3 படிக்கிறான். ஜூலை பிறந்ததும் எங்கள் புளோக்கில் வரிசையாகச் சிங்கப்பூர்த் தேசியக் கொடி கட்டிவிட்டார்கள். தொண்டூழியர்கள் எங்களுக்கும் ஒன்று கொடுத்துவிட்டுப் போனார்கள். இந்த மாடியில் எங்கள் வாசல் மட்டும்தான் மொட்டையாக இருக்கிறது. வாப்பாவிடம் போனில் சொன்னால், "நம்ம கொடி இருக்கும்போது அடுத்தவன் கொடிய வாசல்ல கட்டுவியா?" என்கிறார்கள். இருபது வருடம் கப்பலில் ஓடியவர்கள் அவர்கள். மனைவி, இரண்டு கொடியையும் சேர்த்துக் கட்டினால் போச்சு என்கிறாள். மகனோ நெஞ்சில் கைவைத்து, சிங்கப்பூரின் தேசிய உறுதிமொழியான பற்றுறுதியை வீட்டிலும் சொல்லிக் காட்டுகிறான். பிழைக்க வந்த நாட்டின் தேசபக்தி வழக்கங்களை நாமும் செய்ய வேண்டுமா? செய்தால் அது நடிப்பு ஆகாதா? இன்னொன்று, முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன கிழிந்த கொடி ஒன்று அலமாரியில் கிடக்கிறது. அதை என்ன செய்வது?

ந., சிங்கப்பூர்

*

அன்புள்ள ந.,

வாப்பா கப்பலில் ஓடியவர்கள் என்பதால் கப்பலிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு கப்பல் அயல்நாட்டுத் துறைமுகத்துக்குள் நுழையும்போது முதலில் மஞ்சள் கொடி ஏறும். கப்பலில் நோய்நொடி இல்லை, உள்ளே வர அனுமதி வேண்டும் என்று பொருள். கூடவே அந்த நாட்டின் கொடி, கொடிமரத்தின் வலப்பக்கக் கையில் ஏறும். அதே கயிற்றில் அதற்கு மேலே வேறு கொடி எதுவும் இருக்கக் கூடாது. கப்பல் எந்த நாட்டில் பதிவானதோ அந்த நாட்டுக் கொடி வழக்கம்போலப் பின்புறத்தில் பறந்துகொண்டிருக்கும். வலப்பக்கக் கொடியை மரியாதைக் கொடி என்பார்கள். அதை ஏற்றியதால் கப்பலின் பதிவு மாறிவிடாது. ஏற்றாமல் வந்தால், அல்லது கந்தலான கொடியை ஏற்றி வந்தால், துறைமுக அதிகாரிகளின் முகம் மாறும். வாப்பா இதை நூறு துறைமுகத்தில் பார்த்திருப்பார்கள். பனாமா கொடி போட்ட கப்பலில் கீழக்கரைக்காரர் வேலை பார்த்தபோது அவரைப் பனாமாக்காரர் என்று யாரும் சொல்லவில்லையே.

கரையிலும் நமக்கு இது பழக்கமான காரியம்தான். ஏர்வாடி தர்காவில் சந்தனக்கூட்டுக்குக் கொடியேறும்போது சுற்று வட்டாரத்து இந்துக்கள் கும்பிட்டு நிற்கிறார்கள். அதனால் யாருடைய மதமும் மாறியதில்லை, நிற்பவர் நடிக்கிறார் என்று யாரும் பேசியதும் இல்லை.

ஆகவே கட்டுங்கள் என்பது என் பதில். ஆனால் நீங்கள் ஒரே மூட்டையாகக் கேட்டிருப்பதில் மூன்று தனித்தனிச் சரக்கு இருக்கிறது: எழுந்து நிற்பது, கொடி கட்டுவது, உறுதிமொழி சொல்வது. மூன்றுக்கும் எடை வேறு.

எழுந்து நிற்பதில் பேச்சுக்கே இடமில்லை. கீதம் ஒலித்தால் அந்த இடத்தில் இருக்கும் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்பது சிங்கப்பூர் விதி. மலேசியாவில் 1968ஆம் ஆண்டின் தேசிய கீதச் சட்டமே இருக்கிறது. பொது இடத்தில் தெரிந்தே அவமதித்தால் 100 ரிங்கிட் வரை அபராதமோ ஒரு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். தொகை சிறியதுதான், வேலை பெர்மிட்டில் இருப்பவருக்கு வழக்கு சிறியதல்ல. பாட வேண்டும் என்று யாரும் கழுத்தைப் பிடிப்பதில்லை. வாயைத் திறக்காமல் நேராக நின்றால் போதும். நம் நாட்டிலும் சட்டம் இப்படித்தான். கேரளத்துப் பள்ளியில் ஜனகணமன ஒலித்தபோது எழுந்து நின்று, பாடாமல் இருந்த யெகோவா சாட்சிகள் பிரிவுப் பிள்ளைகளை நீக்கிய வழக்கில், பாடாதது அவமதிப்பு ஆகாது என்று 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அடுத்து கொடி. குடிமகன்தான் கட்டலாம் என்று எந்தக் கட்டுப்பாடும் இல்லை, எல்லோரும் கட்டியே ஆக வேண்டும் என்றும் இல்லை. ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை தேசிய தினக் கொண்டாட்டக் காலம். அப்போது கொடிக்கம்பம் இல்லாமல், இரவில் விளக்குப் போடாமல், வீட்டு முகப்பில் கட்டலாம். கட்டுவதில்தான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். பிறையும் ஐந்து நட்சத்திரங்களும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மேல் இடது மூலையில் தெரிய வேண்டும். நீங்கள் தாழ்வாரத்தில் உள்பக்கம் நின்று கட்டுவீர்கள், ஆகவே பிறை உங்கள் வலது கைப் பக்கம் வர வேண்டும். உங்கள் கண்ணுக்குச் சரியாக இடப்பக்கம் வைத்துக் கட்டினால் தெருவிலிருந்து பார்ப்பவருக்குப் புறம் திரும்பித் தெரியும். நான்கு மூலையையும் கேபிள் டை போட்டு இறுக்குங்கள். மேல் இரண்டை மட்டும் கட்டிவிட்டுப் போனால், விடியற்காலையில் வரும் சுமத்ராக் காற்று கொடியை மேலே சுருட்டிப் போட்டுவிடும். சிவப்பு மறைந்து வெள்ளை மட்டும் தொங்கும். மேல்மாடிக்காரர் மூங்கில் கழியில் துணி காயப்போட்டால் சொட்டுகிற இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். சாயம் வெளுத்தாலோ ஓரம் நைந்தாலோ கழற்றிவிட வேண்டும். நைந்த கொடி தொங்குவதைவிட மொட்டை வாசல் மேல்.

இதைச் சொல்லும்போது நம் ஊர் மொட்டைமாடிகளும் ஞாபகத்துக்கு வருகின்றன. 2022இலிருந்து வீட்டுக்கு வீடு மூவர்ணக் கொடி ஏற்றச் சொல்கிறார்கள். அந்த ஆண்டு ஜூலையில் விதியைத் திருத்தி, இரவிலும் பறக்கவிடலாம் என்று ஆக்கினார்கள். பாலியெஸ்டர் துணிக்கும் அதற்கு முன்பே அனுமதி வந்துவிட்டது. சரி, ஆகஸ்ட் 15 வருவது ஆடி மாதக் கடைசியில். கடற்கரையில் அப்போது அடிக்கிற கச்சான் காற்றுக்கு மெல்லிய பாலியெஸ்டர் பத்து நாள் தாங்காது. தீபாவளி வரை பாதிக்கொடி படபடத்துக்கொண்டிருக்கும். பச்சை மேலே இருக்கும் கொடிகளையும் காணலாம். அடுத்த நாட்டுக் கொடிக்கு நாம் தருகிற கவனத்தில் கொஞ்சம் இதற்கும் தரலாம்.

உங்கள் மனைவியின் யோசனை கேட்க நன்றாக இருக்கிறது, சிங்கப்பூரில் அது சட்டப்படி செல்லாது. அயல்நாட்டுத் தேசியச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதைத் தடுக்கும் 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அங்கே இருக்கிறது. 500 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பிரிட்டிஷ்காரர் காலத்துச் சட்டம்தான், ஆனால் தூங்கிக் கிடக்கவில்லை. வெளியே தெரியும்படி மூவர்ணக் கொடியைக் கட்டினால் அதற்குள் வந்துவிடும். வீட்டுக்குள் சுவரில் மாட்டிக்கொள்வதை யாரும் கேட்கப் போவதில்லை. ஆகஸ்ட் 15 காலையில் இந்தியத் தூதரகத்தில் கொடியேற்றுவார்கள், மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள். மலேசியாவிலும் இதே வம்சத்துச் சட்டம் உண்டு. அங்கே இன்னொரு தொல்லை: கொடியைத் தலைகீழாகக் கட்டிவிட்டுக் கடைக்காரர்கள் காவல் நிலையம் போய் வந்த செய்தி ஆகஸ்டில் வருகிறது. பிறையும் நட்சத்திரமும் உள்ள நீலக் கட்டம் மேல் இடது மூலையில், உச்சிக்கோடு சிவப்பு, அடிக்கோடு வெள்ளை, மொத்தம் பதினான்கு கோடு. கட்டிவிட்டு ஒரு தடவை வெளியே இறங்கி நின்று பார்த்தால் அரை நிமிட வேலை.

மூன்றாவதான உறுதிமொழியில்தான் எனக்குத் தயக்கம். கொடி கட்டுவது விருந்தாளியின் மரியாதை. பற்றுறுதி அப்படியல்ல, 'சிங்கப்பூர்க் குடிமக்களாகிய நாம்' என்று தொடங்குகிறது. குடிமகன் அல்லாதவர் அதைச் சொல்லும்போது வாக்கியத்தின் எழுவாயே பொய்யாகிவிடுகிறது. உங்கள் நடிப்புக் கேள்விக்கு இடம் இங்கேதான். பெரியவர்கள் நீங்கள் ஒரு நிகழ்ச்சியில் இருக்க நேர்ந்தால், கையைப் பக்கவாட்டில் வைத்து நேராக நில்லுங்கள். வலக்கை முஷ்டியை நெஞ்சில் வைக்க வேண்டாம். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பள்ளியில் அயல்நாட்டுப் பிள்ளைகளிடமும் எதிர்பார்ப்பது எழுந்து மரியாதையாக நிற்பதைத்தான். ஆனால் ஒன்பது வயதுப் பையன், சுற்றிலும் நாற்பது பேர் சொல்லும்போது வாயை மூடிக்கொண்டு நில் என்று அவனிடம் சொல்லாதீர்கள். இனம், மொழி, மதம் பார்க்காமல் ஒன்றுபடுவோம் என்பதைத்தான் அவன் சொல்லிப் பழகுகிறான், கெட்டுப்போக அதில் ஒன்றுமில்லை. 'குடிமக்கள்' என்றால் என்ன, நாம் இப்போது யார் என்பதை வீட்டில் ஒருநாள் உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். அத்துடன் இதையும் சொல்லலாம்: 1966இல் அந்தப் பற்றுறுதியை எழுதிய எஸ். ராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். கீதத்துக்கு 1958இல் இசையமைத்த ஜுபிர் சயித் சுமத்ராவில் பிறந்தவர். அதன் மலாய் வரிகளுக்குப் பொருள் கேட்டு வைத்துக்கொள்ளட்டும். 'மாஜுலா சிங்கபூரா' என்றால் 'சிங்கப்பூர் முன்னேறட்டும்'. வருகிற நாட்டு மொழியில் நல்வாக்குச் சொல்ல யாருக்கும் தடையில்லை.

வளைகுடாவில் இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் குழப்பம் பெரும்பாலும் கிடையாது. அங்கே முப்பது வருடம் இருந்தாலும் குடியுரிமை வருவது அபூர்வம். அதனால் டிசம்பர் 2, அமீரகத் தேசிய தினத்தில் கம்பெனி கொடுக்கும் கொடிச் சால்வையைப் போட்டுக்கொண்டு பிரியாணி சாப்பிட்டுவிட்டு வருவதோடு முடிந்தது. அமீரகத்தில் காரை அலங்கரிப்பவர்கள் நம்பர் பிளேட்டை மறைக்காமலிருக்க வேண்டும். சவூதியில் மட்டும் கூடுதல் கவனம். கொடியில் கலிமா என்னும் இறைநம்பிக்கை வாசகம் இருக்கிறது. அதனால் துக்க நாளிலும் அது அரைக்கம்பத்துக்கு இறங்காது. அந்தக் கொடி அச்சிட்ட கேக்கை வெட்டுவதும், பிளாஸ்டிக் விரிப்பாகத் தரையில் போடுவதும், கைகுட்டையாக்கித் துடைப்பதும், ஆர்வக்கோளாறில் நம்மவர்கள் செய்துவிடக்கூடிய காரியங்கள். கீழக்கரைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், இதுதான் எடை கூடியது. நிரந்தரவாசத்துக்கு எழுதிப் போடும்போது மகனையும் சேர்த்து எழுதுவீர்கள். விண்ணப்பிக்கும் உங்களுக்குத் தேசிய சேவை கிடையாது. உங்கள் பெயரால் நிரந்தரவாசி ஆகும் மகனுக்கு உண்டு. பதினாறரை வயதில் பதிவு, பிறகு இரண்டு ஆண்டு முழுநேரச் சேவை, அதன்பின் பல ஆண்டுகளுக்குப் போர்க்காலப் படைப் பயிற்சி. பதினெட்டு வயதில் வேண்டாம் என்று நிரந்தரவாசத்தைத் துறந்தால், பின்னாளில் அங்கே படிக்கவோ வேலைக்கோ கேட்கும்போது அது எதிரே வந்து நிற்கும். வாசலில் நாலு கேபிள் டை கட்டுவதற்கு யோசிப்பதைவிட, இதற்கு மனைவியோடும் வாப்பாவோடும் பத்து நாள் பேசுங்கள். குடியுரிமையே வாங்கினால் இந்தியக் குடியுரிமை அன்றோடு போகும், பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை எடுத்தால் விசா தொல்லை இருக்காது. ஆனால் ஓட்டு இல்லை, விவசாய நிலமோ தோட்டமோ விலைக்கு வாங்க முடியாது. வாப்பாவின் தென்னந்தோப்பு வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், பக்கத்துத் தோப்பை வாங்கிச் சேர்க்க முடியாது. வாப்பாவுக்கு உள்ளூர உறுத்துவது கொடியல்ல, இதுதான் என்று நினைக்கிறேன். அதுவரை இந்தியப் பாஸ்போர்ட்டு இருக்கிறபடியால், படிவம் 6ஏ நிரப்பி ராமநாதபுரம் தொகுதிப் பட்டியலில் பெயர் சேர்த்து வையுங்கள். ஓட்டுப் போட அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் வர வேண்டும்.

வாப்பாவிடம் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாமையும் நினைவூட்டலாம். தேயிலைத் தோட்டத்துக்கு இலங்கை போனவர்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்த முகாம் அது. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இடமானது. அங்கே பிறந்த பிள்ளைகள் காலை வணக்கக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்தும் ஜனகணமனவும் பாடித்தான் வளர்ந்தார்கள். 1987 ஜூலை 1க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியர் இல்லையென்றால், இங்கே பிறந்ததால் மட்டும் குடியுரிமை இல்லை. நாற்பது ஆண்டாக நம் கொடிக்கு எழுந்து நிற்கும் அவர்களை, உங்கள் கொடியைவிட்டு எங்கள் கொடிக்கு ஏன் நிற்கிறீர்கள் என்று நம் கரையில் யாரும் கேட்டதில்லை.

அலமாரியில் கிடக்கும் கொடிக்கு வருகிறேன். இந்திய வழக்கம் வேறு: பழுதான கொடியைத் தனி இடத்தில், மரியாதையோடு, முழுதாக எரிப்பது. அந்த ஞாபகத்தில் புளோக்குக்குக் கீழே வைத்துக் கொளுத்திவிடாதீர்கள், பார்ப்பவர் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார். சிங்கப்பூரில் சொல்லியிருக்கும் முறை, மடித்துக் கறுப்புக் குப்பைப் பையில் போட்டு, வாயை நன்றாகக் கட்டி, உள்ளே இருப்பது வெளியே தெரியாமல் போடுவது. தேசிய தினம் முடிந்ததும் பழைய கொடிகளைச் சேகரிக்கத் தனிப் பெட்டிகளும் வைக்கிறார்கள். புளோக்குப் பக்கம் அப்படி ஒன்று வைத்திருந்தால் அதில் போட்டுவிடுங்கள்.