பிள்ளைப்பேறு பெண் பாடு மட்டும்தானா? கேள்வி பதில்

கேள்வி (சேலம்): கல்யாணமாகி மூணு வருஷம். மனைவிக்கு ஸ்கேன், கருக்குழாய் எக்ஸ்ரே எல்லாம் எடுத்தாச்சு. எனக்கு டெஸ்ட் எடுக்கணும்னு டாக்டர் சொன்னதும், "நம்ம பரம்பரையில அந்தக் குறை கிடையாது"ன்னு அம்மா தடுக்கிறாங்க.

பதில்: தம்பி, உங்கள் பரிசோதனைதான் முதலில் முடிந்திருக்க வேண்டும். குழந்தை தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. கருக்குழாய் எக்ஸ்ரே வலி தரும். விந்துப் பரிசோதனைக்கு ஊசிகூடக் கிடையாது. வலியில்லாத, செலவு குறைந்த சோதனையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைய வைப்பது அநியாயம்.

சோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் வரை விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். லேபில் தரும் டப்பாவிலேயே முழுவதையும் எடுங்கள். முதலில் வரும் பகுதியில்தான் உயிரணுக்கள் அதிகம். அது கீழே சிந்தினால் எண்ணிக்கை குறைவாகக் காட்டும். எண்ணெய், எச்சில், சாதாரண ஆணுறை எதுவும் கூடாது. வீட்டில் எடுத்தால் குளிர விடாமல் உடம்போடு ஒட்டி வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்த்துவிடுங்கள்.

ஒரு ரிப்போர்ட் குறைவாக வந்ததும் இடிந்துபோக வேண்டாம். உயிரணு உருவாகி வெளிவர இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகும். நடுவில் வந்த கடும் காய்ச்சல்கூட எண்ணிக்கையைக் குறைத்திருக்கலாம், அதனால் மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசி போட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். "ஆண்மை ஊசி" என்று நம்பிப் போடும் அதுவே உயிரணு உற்பத்தியை நிறுத்திவிடும்.

கேள்வி (சேலத்துக்காரருக்கு வந்த பதிலைப் படித்தவர்): தாம்பத்தியத்தில் குறையில்லை என்றால் டெஸ்ட் எதற்கு?

பதில்: இரண்டும் வேறு வேறு. உயிரணுவே இல்லாத ஒருவருக்கும் தாம்பத்தியம் இயல்பாக இருக்கலாம், விந்தும் பார்வைக்கு மாறுபாடின்றி இருக்கும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும்.

கேள்வி (விருதுநகர்): ரெண்டும் பெண் குழந்தை. மருமகளுக்கு ஆண் குழந்தை பெறும் ராசி இல்லையென்று உறவில் பேசுகிறார்கள்.

பதில்: தாயின் முட்டையில் எப்போதும் எக்ஸ் குரோமோசோம்தான். ஆணின் உயிரணுவில் எக்ஸ் அல்லது ஒய் இருக்கும். எது போய்ச் சேர்கிறதோ அதன்படி குழந்தை. அதனால் மருமகளைப் பேச ஒன்றுமில்லை, மகனையும் குறை சொல்ல முடியாது, அது யார் கையிலும் இல்லை.

கேள்வி (நாமக்கல், லாரி டிரைவர்): மனைவிக்கு ரெண்டு சிசேரியன். குடும்பக் கட்டுப்பாடு நானே செய்துகொள்ளலாமா? மூட்டை தூக்க முடியாது, ஆண்மை போய்விடும் என்கிறார்களே அக்கா?

பதில்: தாராளமாகச் செய்துகொள்ளலாம். 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் திருமணமான பெண்களில் 37.9 சதவீதத்தினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டவர்கள் வெறும் 0.3 சதவீதம். பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும், ஆணுக்குச் செய்வது அதைவிட எளிது. ஆனாலும் கணக்கு இப்படி இருக்கிறது. 1975–77 நெருக்கடி நிலையில் ஆண்களைக் கட்டாயப்படுத்திச் செய்த கொடுமையால் வந்த பயமும் இதற்கு ஒரு காரணம்.

இப்போது செய்வது தழும்பில்லா வாசெக்டமி. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்து, சிறு துளை வழியாக விந்துக் குழாய்களை வெட்டிக் கட்டுவார்கள். அரை மணிக்குள் முடிந்துவிடும், அன்றே வீட்டுக்கு வரலாம். டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் கலப்பது, இந்தக் குழாய் வழியாகப் போவதில்லை. அதனால் மீசை, குரல், ஆசை எதுவும் மாறாது. விந்தின் அளவும் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

இரண்டு நாள் ஓய்வு, இறுக்கமான உள்ளாடை, ஒரு வாரத்துக்குப் பாரம் தூக்காமல் இருப்பது, இவ்வளவுதான். பிறகு பழையபடி மூட்டை தூக்கலாம். வீக்கம் பெருகினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ உடனே காட்டுங்கள்.

பலர் தவறுவது அதற்குப் பிறகுதான். குழாயில் ஏற்கெனவே தங்கிய உயிரணுக்கள் வெளியேற மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறை கட்டாயம். மூன்று மாதம் முடிந்ததும் விந்துப் பரிசோதனையில் உயிரணு இல்லை என்று வந்த பிறகே நிறுத்துங்கள். இதைச் சொல்லாமல் அனுப்பிவிட்டு, இடையில் மனைவி உண்டானால் அவள்மேல் சந்தேகப்படும் வீடுகள் உண்டு. பாவம், அவள் ஒரு தப்பும் செய்திருக்கமாட்டாள். இன்னொன்று: இதை நிரந்தரம் என்று எண்ணியே முடிவெடுங்கள், மறுபடி இணைப்பது எல்லோருக்கும் பலிப்பதில்லை.

கேள்வி (கோவை): பிரசவமான வீட்டில் ஆம்பளைக்கு என்ன வேலை? பால் கொடுப்பது அவள்தானே?

பதில்: பால் கொடுப்பதைத் தவிர எல்லாமே. பச்சைக் குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். ஒவ்வொரு தடவையும் ஏப்பம் விடவைப்பது, துணி மாற்றுவது, தோளில் போட்டுத் தூங்கவைப்பது உங்களுடையது. இரவு இரண்டு மணிப் பாலுக்குக் குழந்தையைத் தூக்கிக் கொடுத்துத் திரும்ப வாங்கிக் கிடத்தினாலே அவளுக்குக் கூடுதலாக அரை மணி தூக்கம் கிடைக்கும். எடை குறைந்த குழந்தையை வெறும் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பை அப்பாவும் செய்யலாம். மார்பின் சூடு யாருடையதாக இருந்தாலும் குழந்தைக்குப் போதும்.

2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் தங்கள் வீட்டு வேலைகளில் ஈடுபடுவோரில் பெண் நாளொன்றுக்கு 289 நிமிடமும் ஆண் 88 நிமிடமும் செலவிடுவதாக வந்திருக்கிறது. பிரசவமான வீட்டில் சமையலும் பாத்திரமும் உங்கள் கணக்கில் சேரட்டும்.

கேள்வி: அப்பாவுக்கு லீவு உண்டா?

பதில்: மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள், இரண்டு குழந்தைக்குக் குறைவாக உள்ளவர்களுக்கு. பிரசவத்துக்கு 15 நாள் முன்பிருந்து ஆறு மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் போய்விடும். தனியாரில் கம்பெனி விதியைப் பொறுத்தது. ஏழாம் மாதமே எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.