யூஎஸ்பி மோடம்: விளக்கு எரிகிறது, டயல் ஆகவில்லை

லினக்ஸ் கணினியில் யூஎஸ்பி மோடத்தின் விளக்கு எரிந்தும் டயல் ஆகவில்லை என்று தக்கலையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மோடம் வழியே டயல் செய்து இணையத்தில் இணைக்கும் நிரலான டபிள்யூவிடயலின் (wvdial) அமைப்புக் கோப்பில், மோடம் வரியில் உள்ள டெவ்/மோடம் (/dev/modem) என்பதை நீக்கிவிட்டு, டெவ்/டிடிஒய்ஏசிஎம்0 (/dev/ttyACM0) என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள்; ஏசிஎம் மூன்றும் பெரிய எழுத்து, இறுதியில் வருவது பூஜ்யம்.

உங்கள் மோடத்தில் விளக்கு எரிந்தும் "சாதனத்தைத் திறக்க இயலவில்லை" என்று வருவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்: டெவ்/மோடம் பழைய பெயர், யூஎஸ்பி மோடத்தை, லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் உள்ள சிடிசி ஏசிஎம் இயக்கி (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) வேறு பெயரில் பதிவுசெய்கிறது.

மோடத்தைச் செருகியவுடன் கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளையை இயக்கி, கடைசி வரிகளில் ttyACM0 என்ற பெயர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், உபுண்டுவிலும் டெபியனிலும் உங்கள் பயனரை, மோடத்தைப் பயன்படுத்தும் அனுமதி உள்ள டயல்அவுட் (dialout) குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழையுங்கள். பிறகு, மோடத்துக்கு நேரடியாகக் கட்டளை அனுப்பும் நிரலான மினிகாமில் (minicom) ஏடி (AT) என்று தட்டினால் ஓகே என்ற பதில் வர வேண்டும். போர்ட் வேறெதற்கோ பயன்பாட்டில் உள்ளது என்று வந்தால், மோடங்களைத் தானாகக் கையாளும் மோடம்மேனேஜர் (ModemManager) சேவையை நிறுத்திவிட்டு முயலுங்கள்.

பெயரே வராவிட்டால், அது கணினியின் மென்பொருளை நம்பியிருக்கும் சாஃப்ட் மோடமாக இருக்கக்கூடும். அதற்குரிய தனி இயக்கி இல்லாமல் மேற்சொன்னவை பயன்படா.

ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் தொலைபேசிக் கம்பியைத் தவறாமல் கழற்றிவையுங்கள். மின்னல் அவ்வழியே வந்தால் மோடத்தோடு கணினியும் பழுதாகும்.